பத்தேகால் மணி பைக்குகள்

மதுக்கடை ராத்திரி பத்து மணிக்கு அடைப்பு. பத்தேகாலுக்கு எங்கள் தெருமுனையில் முதல் பைக் திரும்பும். சைலன்சர் மாற்றிய பைக், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது மாதிரி படபடவென்று வரும். அதன் பின்னால் இன்னும் ரெண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நடுவில் உட்கார்ந்திருப்பவன் மடியில் கறுப்புப் பை. பாளையங்கோட்டையில் பெருமாள்புரத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற தெரு இது. ஒன்பதரைக்கு மேல் நாய் குரைத்தால், யார் வீட்டு வாசலில் நின்று குரைக்கிறது என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடலாம், அவ்வளவு அமைதி. இருந்தது. இப்போது இரண்டு வருஷமாக எங்கள் மணிக்கூண்டு அந்தப் பைக்குகள்தான்.

எதிர் வீட்டு மாடியில் ஒன்பது பையன்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஆறு பேர்தான், சனிக்கிழமை ராத்திரி எண்ணினால் பதினஞ்சு தலை தேறும். வீட்டுக்காரர் மும்பையில் கடை வைத்திருக்கிறார், கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வந்து போவார். குடும்பத்துக்கு விட்டால் மாசம் ஒன்பதாயிரம், பையன்களிடம் தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரிப் பையன்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, சொல்லவும் தேவையில்லை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊர், நூறு வருஷம் தாண்டிய கல்லூரிகள் இருக்கின்றன, 1965-ல் வந்த மருத்துவக் கல்லூரி, அது போகச் சித்தாவுக்கு, சட்டத்துக்கு, பொறியியலுக்கு என்று தனித்தனியாக. கல்லெறிந்தால் ஒரு மாணவன் மேல்தான் விழும். எங்கள் தெருவில் மெஸ் நடத்துகிற ஆச்சி, ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, தண்ணீர் கேன் போடுகிறவர், மாடி கட்டி வாடகைக்கு விட்ட நாலு வீடு, எல்லாருக்கும் சோறு போடுவது இந்தப் பயல்கள்தான். 'வீடு வாடகைக்கு, பேச்சிலருக்கு இல்லை' என்று கேட்டில் அட்டை தொங்கும். மூணு மாசம் ஆள் வராவிட்டால் அட்டையில் இரண்டாவது வரியை மட்டும் சுண்ணாம்பால் அடித்துவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன்.

முதலில் பிறந்தநாள். ஒன்பது பேருக்கு ஒன்பது பிறந்தநாள்தானே என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். வகுப்பில் உள்ள அறுபது பேருக்கும் பிறந்தநாள் இந்த மாடியில்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேக், தலையில் முட்டை, தக்காளி, மைதா மாவு, அப்புறம் ஒரு ஆயிரம் வாலா. பரீட்சை முடிந்தால் ஒன்று, அரியர் பாஸானால் ஒன்று, பாஸாகாவிட்டால் அதைவிடப் பெரிதாக ஒன்று. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. விடியற்காலை ஐந்தரைக்கு டியூஷன். போனில் ஒலியை அளக்கிற செயலி ஒன்றைப் போட்டு ஜன்னலில் வைத்தாள். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி சொல்கிறது. எங்கள் ஜன்னலில் 72. (ஜன்னலைச் சாத்திவிட்டு அளந்தால் எங்கள் வீட்டு மின்விசிறி மட்டுமே 50 காட்டியது, அது வேறு கதை.)

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கோலம் போட வாளியோடு கதவைத் திறந்தேன். வாசற்படியில் வாந்தி. யாரோ ஒருவன் எங்கள் நடையை அவர்கள் நடை என்று நினைத்து உட்கார்ந்து எடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சாணி கரைத்துத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றி, பினாயில் போட்டு, விளக்குமாற்றால் தேய்க்கும்போது ஒன்று தோன்றியது. சரக்கு விற்பது அரசாங்கம், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அவர்கள் கையில்தான். குடித்துவிட்டு ரகளை செய்தால் பிடிக்கிற போலீசும் அரசாங்கம். வாந்தியைக் கழுவுகிற நானும் அரசுப் பள்ளி டீச்சர். எல்லாம் ஒரே துறை மாதிரிதான் இருக்கிறது.

அன்றைக்கே மாடியேறிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன். "ஏட்டி, ராத்திரி குடிச்சவன்கிட்ட காலையில பேசு, காலையில குடிச்சவன்கிட்ட பேசவே பேசாத" என்றார் என் வீட்டுக்காரர். சரிதான். ஆனால் அதில் ஒரு சிக்கல். காலையில் நான் இருக்கும்போது அவர்கள் எழுந்திருப்பதில்லை. அவர்கள் எழுந்திருக்கும்போது நான் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன். நான் திரும்பி வரும்போது அவர்கள் வெளியே போயிருப்பார்கள். அவர்கள் திரும்பும்போது மணி பத்தேகால். இரண்டு வருஷத்தில் நாங்களும் அவர்களும் நிதானத்தோடு நேருக்கு நேர் நின்ற நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. பிறகு யாரோடு பேச?

தெருக்காரர்கள் பிள்ளையார் கோயில் திண்ணையில் கூடினோம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நாங்கள் சார்வாள் என்போம், அவர்தான் மனு எழுதினார். ஒவ்வொருவரும் குறையைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார். பனியனோடு மொட்டை மாடியில் நிற்கிறார்கள். தாடி வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் காதில் கடுக்கன். பொம்பளைப் பிள்ளை ஒன்று பைக்கில் வந்து புத்தகம் கொடுத்துவிட்டுப் போனது. புரட்டாசி சனிக்கிழமை கோழி வறுக்கிறார்கள், வாசனை தாங்க முடியவில்லை. (அந்த வாசனை எனக்கும் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.) ராத்திரித் தூங்க முடியவில்லை என்பது ஏழாவதோ எட்டாவதோ வரியில்தான் வந்தது. குடித்துவிட்டு ஒரே பைக்கில் மூன்று பேராக வருகிறார்களே, ஒருநாள் எவனாவது தலையில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவானே என்பது கடைசி வரை வரவே இல்லை. 'சமூக விரோதச் செயல்கள்' என்று சார்வாள் தலைப்புப் போட்டார். பதினாலு கையெழுத்து. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீது வாங்கி வந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன், பத்தாவதாக.

மனுவில் ஒரு முக்கியமான வரி, பக்கத்துக் காலி மனையில் பாட்டில் போடுகிறார்கள் என்பது. உடை மரமும் குப்பையுமாகக் கிடக்கிற மனை. அதைச் சுத்தம் செய்ய மாநகராட்சி அக்காமார் இரண்டு பேர் வந்த அன்று லீவு, நானும் கையுறை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். இருபத்திமூன்று பாட்டில். சாக்கில் போடும்போது என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இது பயலுவ போட்டது இல்ல" என்றார்.

"எப்படிச் சொல்லுதீங்க?"

"பீர் பாட்டில் அஞ்சுதானே கிடக்கு. மிச்சம் பதினெட்டும் பிராந்தி குவாட்டர், அதுலயும் மலிவு சரக்கு. பயலுவ இதத் தொட மாட்டானுவ, பீரு, மிஞ்சினா ஓட்கா. இது நாப்பது வயசுக்கு மேல உள்ளவன் வேலை முடிஞ்சு வரும்போது நின்னுக்கிட்டே ஊத்திட்டுப் போறது. பாரு, தண்ணி பாக்கெட்டு கூடவே கிடக்கு, சைடிஷ் கவர் ஒண்ணுகூட இல்ல."

"உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். மணி பன்னிரண்டு, உச்சி வெயில்.

பிறகு ரெண்டு நாள் கவனித்ததில் ஆள் தெரிந்தது. சாயங்காலம் எட்டு மணி வாக்கில் டார்ச் அடிக்காமல் அந்த மனைக்குள் போய்விட்டு ஐந்தே நிமிஷத்தில் மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் எங்கள் தெரு. ஒருவருடைய கையெழுத்து மனுவில் நாலாவது.

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவர் வீட்டில் அந்த அக்கா முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது, சொல்லவில்லை. பையன்கள் சத்தமாகக் குடிக்கிறார்கள், நம் ஆட்கள் சத்தமில்லாமல் குடிக்கிறார்கள், தெருவுக்குச் சத்தம்தான் தெரியும்.

போலீஸ் வந்தது மனுவால் அல்ல. ஒரு சனிக்கிழமை ஒரு மணிக்கு மாடியில் அவர்களுக்குள்ளேயே சண்டை. டம்ளர் உடைகிற சத்தம், "ஏலே விடுலே விடுலே" என்று ஒருவன் அழுகிற மாதிரி கத்தினான், நூறுக்கு யார் போன் போட்டார்கள் என்று தெரியாது. ஒரு ஏட்டையாவும் இன்னொருவரும் வந்தார்கள். பையன்களை வரிசையாகக் கீழே இறக்கித் தெருவிளக்கடியில் நிறுத்தினார்கள். தெரு முழுக்க ஜன்னலில்தான் நின்றது, நானும்தான்.

என்ன குடித்தாய், எதற்குச் சண்டை, வயசு என்ன என்று கேட்பார் என்று நினைத்தேன். இருபத்தொரு வயசு ஆகாதவனுக்குச் சரக்கு விற்கவே கூடாது என்பது நம் மாநிலத்துச் சட்டம், அந்த ஒன்பது பேரில் இருபத்தொன்று தாண்டியவன் இரண்டே பேர். ஏட்டையாவின் முதல் கேள்வி அது இல்லை.

"எந்த ஊருலே நீ?"

"சங்கரன்கோவில் பக்கம் சார்."

"பக்கம்னா? ஊருக்குப் பேரு இல்லையா?"

பையன் பேரைச் சொன்னான்.

"அங்கன எங்க? மேலத் தெருவா கீழத் தெருவா?"

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் முகவரி கேட்கிறார் என்று நினைப்பார்கள். எங்கள் சீமையில் அது முகவரி இல்லை. ஊர், தெரு, அப்பா பேர், இந்த மூன்றும் தெரிந்தால் போதும், நாலாவதைக் கேட்க வேண்டியதே இல்லை. ஏட்டையாவை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு அவர் பயம். குடியில் ஒரு டம்ளருக்காக ரெண்டு பேர் அடித்துக்கொண்டால், விடிவதற்குள் அது ரெண்டு ஊர்ச் சண்டையாகிவிடும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கலர் கயிறு கட்டக் கூடாது என்பது வரை அதில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் மணிக்கட்டைப் பார்க்கிற வேலையும் எனக்கு உண்டு. பன்னிரண்டு வருஷமாக ஒரு பிள்ளையிடமும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. கேட்டால் அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று தெரியும். தெருவிளக்கடியில் அந்தப் பையன் முகம் அப்படித்தான் சுருங்கியது.

ஒன்பது பேரும் வரிசையாகப் பதில் சொன்னார்கள். ஜன்னலில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. வள்ளியூர்ப் பக்கம் ஒருத்தன், முக்கூடல் பக்கம் இருவர், நாங்குநேரிக்கே பக்கத்தில் ஒருத்தன். மேலத் தெரு, கீழத் தெரு, காலனி, எல்லாம் கலந்து. அவர்களுடைய ஊர்களில் ஒரு திண்ணையில் சேர்ந்து உட்கார முடியாத ஒன்பது பையன்கள், இங்கே ஒரு அறையில் ஒரே குக்கரில் பொங்கித் தின்று, ஒரு பாயில் ரெண்டு பேராகப் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் வேறெந்த வீட்டிலும் அப்படி இல்லை. வாடகைக்கு ஆள் வந்தால் நாங்களும் "எந்த ஊரு?" என்றுதானே ஆரம்பிக்கிறோம், பால் பாக்கெட் எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் அப்புறம்தானே. அன்றைக்கு அடித்துக்கொண்டது எதற்கு என்று பிறகு விசாரித்தேன். ஐ.பி.எல். சென்னையா பெங்களூரா என்று.

அதற்காக வாந்தியை மன்னிக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த நாள் தெருப் பேச்சு முழுக்க மாறிவிட்டது. முந்தின நாள் வரை "குடிகாரப் பயலுவ". இப்போது "அந்த மூணு பேரை மட்டும் காலி பண்ணச் சொல்லுங்க, மத்தவன் எல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளையாத் தெரியுது" என்று ஒருவர் சார்வாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த மூணு பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வாந்தி எடுத்தவன் 'நல்ல குடும்பத்துப் பிள்ளை'தான், அது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. எனக்கு வந்த எரிச்சலில், அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் மாடியேறினேன்.

பிளாஸ்டிக் நாற்காலியை லுங்கியால் துடைத்துப் போட்டார்கள். அறை பீடி, சாம்பார்ப் பொடி, ஈரத்துணி எல்லாம் கலந்து நாறியது. "உக்காருங்க ஆன்ட்டி." அந்த ஆன்ட்டியை முதலில் ஜீரணிக்க வேண்டியிருந்தது. ஊர் கேட்கவில்லை, பேர் மட்டும் கேட்டேன். அப்புறம் வாந்தியில் ஆரம்பித்து ஆயிரம் வாலா வரை ஒன்று விடாமல் சொன்னேன். சத்தத்தை மட்டும்தான் சொன்னேன், தாடியையும் கோழியையும் தொடவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டார்கள். வயசு ஆகாமல் எப்படி வாங்குகிறீர்கள் என்றதற்கு, மூத்தவனை அனுப்புவோம் என்றார்கள். கடைசியில் ஒல்லியாக ஒருத்தன், வள்ளியூர்ப் பக்கத்துக்காரன், "ஒண்ணு சொல்லட்டா ஆன்ட்டி, கோவப்படக் கூடாது" என்றான்.

"சொல்லு."

"சித்திரைக் கொடைக்கு மூணு நாளு எங்க ஜன்னலுக்கு நேரா குழாய் ஸ்பீக்கர் கட்டுனாவ. விடிய விடிய வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம். மறுநா எங்களுக்கு செமஸ்டர். நாங்க யாருட்ட போய் மனு குடுக்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சுடலைமாடனுக்குப் படையலில் சாராயமும் சுருட்டும் வைக்கிற சீமை, படைத்ததை யார் குடித்தார்கள் என்று எந்தக் கொடையிலும் யாரும் மனு கொடுத்ததில்லை. அது சாமி காரியம், அது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

பேசி முடித்தது இவ்வளவுதான். பத்துக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி கீழ்வீட்டில். பிறந்தநாளுக்குக் கேக் உண்டு, வெடி கிடையாது. தெருமுனையிலேயே பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வர வேண்டும், குடித்திருந்தால் ஓட்டவே கூடாது (பிடித்தால் பத்தாயிரம் அபராதம் என்றேன், அதற்குத்தான் அதிகம் பயந்தார்கள்). அவர்கள் தரப்பில் ஒன்றே ஒன்று கேட்டார்கள், கொடைக் குழாயை ஜன்னலை விட்டுத் தள்ளிக் கட்ட வேண்டும். கோயில் கமிட்டியில் சொன்னேன். "டீச்சர், குடிகாரனுக்காகச் சாமி குழாயை மாத்தணுமா?" என்று நாலாவது கையெழுத்துக்காரர்தான் முதலில் எழுந்தார். நான் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலி மனை இருக்கிற பக்கமாகவும் ஒரு பார்வை பார்த்தேன். ஒரு கம்பம் தள்ளி நட ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது நாலு மாசம். பாட்டில் மனையில் இன்னும் விழுகிறது, குவாட்டர்தான். பையன்கள் மூன்று வாரம் ஒழுங்கு, நாலாவது வாரம் ஏதாவது ஒன்று. போன மாசம் ஒருத்தன் கே.டி.சி. நகர்ப் பக்கம் விழுந்து முழங்கை பிய்ந்து வந்தான், ஓட்டியது நான் இல்லை என்றான், நம்பவில்லை. வீட்டுக்காரர் மும்பையிலிருந்து போன் செய்து, காலி பண்ணச் சொல்லவா என்று கேட்டார். குடும்பத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு விடுவீர்களா என்றேன், கொடைக்கு வரும்போது பேசுவோம் என்று வைத்துவிட்டார்.

நேற்று ராத்திரியும் பத்தேகால். தெருமுனையில் சத்தம் சட்டென்று நின்றது. அப்புறம் செருப்புச் சத்தம், சங்கிலி உரசுகிற சத்தம், மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று பைக்கைத் தள்ளி வருகிறார்கள். எங்கள் வாசலுக்கு நேராக வந்ததும் ஒருத்தன் மற்றவனை அடக்கினான், தெருவே எழுந்துவிடும் அளவுக்கு.

"ஏலே, மெதுவாலே! ஆன்ட்டி முழிச்சிரும்!"